பட்டினிக்கு வந்த அக்கா

பசி ஒரு அளவைத் தாண்டிவிட்டால் பசியாக இருப்பதில்லை. முதல் நாள் மதியம் வரைக்கும் வயிறு கேட்கிறது, கெஞ்சுகிறது, சண்டை போடுகிறது. அப்புறம் பேச்சை நிறுத்திவிடுகிறது. கை கால் லேசாகிவிடும். சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வது பக்கத்து வீட்டு விவகாரம் போலத் தோன்றும். எங்கோ குக்கர் விசில் அடிக்கும். அது நமக்கில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதிகூட வரும். அந்த மிதப்புக்காகத்தான் நான் டீடாக்ஸ் வேலையில் இறங்கினேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்போது கேட்டவர்களிடமெல்லாம் கழிவு, கல்லீரல் என்று பெரிய டாக்டர் மாதிரி அளந்துகொண்டிருந்தேன்.

சத்துவாச்சாரியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் போனில் வீடியோ காட்டினார். வீட்டிலேயே மூன்று நாள். காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர், பத்து மணிக்கு வெண்பூசணிச் சாறு, மதியம் வெள்ளரியும் புதினாவும் ஊறிய தண்ணீர், சாயந்தரம் காய்கறி வேகவைத்த நீரில் ஒரு சிட்டிகை உப்பு. தேன் கூடாது, வெல்லம் கூடாது, மோர்கூடக் கூடாது. வீடியோவில் பேசிய பெண்ணின் முகம் மூன்றாம் நாள் பளபளவென்று இருந்தது. முதல் நாளும் அப்படித்தான் இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

காலாண்டு லீவு விட்டது. வீட்டுக்காரரும் பையனும் சென்னையில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மூன்று நாள் வீடு என்னுடையது. ஆனால் தனியாக இருந்தால் முதல் நாள் பதினொரு மணிக்கே தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் மாதனூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாக வேலை. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் மிஷினில் உட்கார்ந்தவள், இப்போது ஒரு லைனுக்கு சூப்பர்வைசர்.

"அக்கா, ஆயுத பூஜைக்கு உனக்கு மூணு நாள் லீவுதானே? இங்க வந்து என்கூட இரு. சேர்ந்து டீடாக்ஸ் பண்ணலாம்."

"அது இன்னாடி அது?"

"பட்டினிதான்க்கா. வெறும் தண்ணி, சாறு. உடம்பு சுத்தமாகும்."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. "பேதிக்கு சாப்புடுவோமே, அந்த மாதிரியா?" என்றாள்.

"அதே மாதிரிதான்."

"அப்ப வர்றேன் பாப்பா" என்றாள்.

எனக்கு நாற்பத்தொரு வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை வியாதி. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் கண்டுபிடித்து, காலையும் இரவும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும், கம்பெனி நர்ஸுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் அவள் உடம்பைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அறிவியல் டீச்சர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேதிக்குச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை. ஆம்பூரில் லைன் வீட்டில் வளர்ந்தோம். ஆறு குடித்தனம், ஒரே கக்கூஸ். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பரீட்சை லீவு விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பாள். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் என்பதால் இது எங்கள் வீட்டு விஷயமாக மட்டும் இருக்க முடியாது. சனிக்கிழமை சாயந்தரமே அம்மா தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குச் சொல்வது மாதிரி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். "நாளைக்கு எங்க பசங்களுக்கு பேதிக்குக் குடுக்கிறேன். கொஞ்சம் பாத்துக்கோங்க."

எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் ஒரு காலா இருந்தார். காலா என்றால் உருதுவில் சித்தி. லைன் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் தன் பெண்கள் இரண்டு பேரையும் அன்றைக்குக் காலையிலேயே வாணியம்பாடியில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கோடி வீட்டுக்காரர் விடியும் முன்பே எழுந்து தன் வேலையை முடித்துக்கொள்வார். ஒரு நாள் முழுக்க அந்த ஒரு கக்கூஸை இரண்டு பெண் குழந்தைகளுக்காக ஒரு லைனே விட்டுக்கொடுத்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நடக்கும் சண்டையைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

அக்காதான் முதலில் குடிப்பாள். சூடான காபியில் மிதக்கும் விளக்கெண்ணெயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அது எனக்குத் தைரியம் வருவதற்காக. அப்புறம் என் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலக்கினால் எப்போதும் நான்தான் முதலில். அவள் கதவுக்கு வெளியே சொம்போடு, காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். "சீக்கிரம் வாடி" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இரண்டு பேரும் பாயில் கிடப்போம். ரசம் சோறு இரண்டு மணிக்குத்தான். நடுவில் அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதற்கு நான் எதையும் கொடுப்பேன். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் சதுரமாக இறங்கி மெல்ல எங்கள் கால் மேல் ஏறும். காற்று திரும்பினால் தோல் ஷாப்பு வாடை வரும். பிறந்ததிலிருந்து மூச்சோடு சேர்ந்த வாடை, அதனால் அது எங்களுக்கு வாடையே இல்லை. மசூதியில் பாங்கு சொல்வது தூக்கத்துக்குள்ளேயே கேட்கும். அக்காவின் கால் என் கால் மேல் கிடக்கும். யார் பேசியது, யார் கனவு கண்டது என்று பிரிக்க முடியாமல் ஏதோ பேசிக்கொண்டிருப்போம். எனக்கு அந்த மதியம் ஒன்று மறுபடி வேண்டியிருந்தது. வெண்பூசணிச் சாறெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அக்கா வந்து இறங்கினாள். கம்பெனியில் பூஜை முடிந்து, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கட்டிப்பிடித்தபோது தலைமுடியில் சொல்யூஷன் வாடை அடித்தது. ஷூ ஒட்டுகிற பசை அது, எத்தனை தடவை குளித்தாலும் போகாது. ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் பூஜைக்குக் கொடுத்த பொரி கடலைப் பொட்டலம்.

"இதையெல்லாம் ஏன் எடுத்துட்டு வந்தே? நாளையிலிருந்து எதுவும் கிடையாது" என்று பிடுங்கி பீரோ மேல் வைத்தேன்.

"வச்சுக்கோ. உன் பையன் வந்தா தின்னட்டும்" என்றாள்.

மாடியில் விருந்தாளிக்கென்று ஒரு அறை இருக்கிறது. ஏசி போட்டு, புது பெட்ஷீட் விரித்திருந்தேன். அக்கா வாசலிலேயே நின்று அதை ஒரு சுற்றுப் பார்த்தாள். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "நல்லாக்கீது பாப்பா" என்று சொல்லிவிட்டு, ஹாலில் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை முதல் நாள். எழுந்ததும் பையைத் திறந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். கால் வலிக்கு என்றாள். லைனில் நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் கால் வலி இல்லாமல் இருக்குமா என்று விட்டுவிட்டேன். எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்தாள். பூசணிச் சாற்றைக் குடித்துவிட்டு, "விளக்கெண்ணெய் எவ்ளோ தேவல" என்றாள். மத்தியானத்துக்குள் நாலைந்து தடவை பாத்ரூம் போய்விட்டு வந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"உனக்கு நல்லா வேலை செய்யுது பாரு. எல்லாக் கழிவும் இறங்குது."

அவள் சிரித்தாள். சர்க்கரைக்காரர்கள் அப்படித்தான் அடிக்கடி போவார்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மதியம் பாயில் கிடந்தோம். ஜன்னல் திரை காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஹைவேயில் லாரிகள் போகும் சத்தம் ஆறு ஓடுகிற மாதிரிக் கேட்டது. எங்கள் பாலாறு அப்படி ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் ஓடினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எதிர்பார்த்த மிதப்பு வந்துவிட்டது. பேச்சு தானாக லைன் வீட்டுக்குள் நுழைந்தது.

"நோன்பு வச்சோமே, ஞாபகம் கீதா?" என்றாள் அக்கா.

எனக்கு எட்டு வயது. ரம்ஜான் மாதம். காலாவின் பெண்கள் நோன்பு வைத்தார்கள் என்று நாங்களும் ஒரு நாள் வைத்தோம். சின்னப் பெண்ணுக்குப் பாதி நாள் போதும் என்றார் காலா. நான் கேட்கவில்லை, முழுசாகத்தான் வைப்பேன் என்று அடம். மூன்று மணிக்கு எனக்கு உயிர் போய்விட்டது. காலா வீட்டு டப்பாவிலிருந்தே ஒரு வர்க்கி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்து தின்றேன். சாயந்தரம் நல்ல பிள்ளையாகப் போய் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்தேன். மசூதியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை ஊற்றும்போது காலா என் கன்னத்தைக் கிள்ளி, இந்த வயதில் இவ்வளவு வைராக்கியமா என்று எனக்கு மட்டும் இன்னொரு சமோசா வைத்தார்.

"என் உதட்டுல வர்க்கித் தூள் ஒட்டியிருந்ததா?" என்று கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"உதட்டுல, கன்னத்துல, சட்டைல. காலா பாக்கறதுக்குள்ள மூக்க தொடைக்கிற மாதிரி பாவாடையால தொடச்சுட்டேன்" என்றாள்.

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"சொல்றதுக்கு இன்னா கீது அதுல? கொழந்த. பசிச்சிச்சு, துன்னுட்ட."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். அப்படியே இரண்டு பேரும் தூங்கிப்போனோம். எழுந்தபோது சாயந்தர வெயில் சுவரில் மஞ்சளாக நின்றது. காய்கறித் தண்ணீர் குடித்தோம். எனக்கு அந்த நாள் அவ்வளவு பிடித்திருந்தது, மூன்று நாள் போதாது, வருடத்துக்கு நாலு தடவை இதைச் செய்ய வேண்டும் என்று மனதுக்குள் அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். பல்லிகூடப் பயப்படாதபடி பூனை நடை நடந்து போனேன். பரீட்சை ஹாலில் பழகிய நடை. அக்கா மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். சர்க்கரை டப்பா திறந்திருந்தது. வாயில் ஸ்பூன். உதட்டில் இரண்டு மூன்று சர்க்கரைத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள்.

கையும் களவுமாகப் பிடிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. அது என் தொழில் குணம். எட்டாம் வகுப்பில் பிட்டு பிடித்தால் எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் பேசினேன்.

"ஒரே ஒரு நாள். ஒரு நாள் வாயைக் கட்ட முடியல உன்னால. அதுவும் சர்க்கரை. வெறும் விஷம். நான் இவ்வளவு காசு... இவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து ரெடி பண்றேன், நீ திருட்டுத்தனமா டப்பாவைத் திறக்கிறே. கேன்டீன் சாப்பாடு தின்னு தின்னு நாக்கு அப்படிப் பழகிடுச்சு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. எதுக்கு வந்தே?"

அக்கா ஸ்பூனைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "படபடன்னு வந்துச்சு பாப்பா. இனிமே இல்ல" என்றாள். குரலே எழும்பவில்லை.

நான் அதோடு விட்டேனா? சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய், ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேல் பொரிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஹாலில் நின்று அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையைத் திறந்து காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எலுமிச்சைத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துக் காட்டினாள். நான் நல்ல மாணவியைப் பார்க்கிற மாதிரித் தலையாட்டினேன்.

பத்து மணிக்குப் பூசணிச் சாறு. அதன் பிறகு மறுபடியும் பாய். அன்றைக்கு மிதப்பு இன்னும் ஆழமாக இருந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. உடம்பு இருக்கிறதா என்று விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டேன். காலையில் திட்டியது ஏதோ போன வருடம் நடந்தது போலிருந்தது. கோபமெல்லாம் போய், பக்கத்தில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"மழ வரப் போவுது. துணி எட்த்துட்டியா?" என்றாள் அக்கா.

வெளியே நல்ல வெயில். லைன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டே கூடப் போனேன். "எடுத்துட்டேன்க்கா."

"காலா வூட்டு துணியும் எட்த்துடு. அவங்க ஊர்ல இல்ல."

"அதையும் எடுத்துட்டேன்."

"அம்மா ரசம் வச்சிட்டாங்களா?"

"வச்சுக்கிட்டிருக்காங்க. ரெண்டு மணிக்குக் கொடுப்பாங்க."

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆனால் அந்த நிமிஷம் சமையலறையில் ரசம் கொதிக்கும் வாசனைகூட எனக்கு வந்தது. நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே கனவுக்குள் படுத்திருக்கிறோம் என்று நினைத்தேன். அது என் கனவு மட்டும்தான். அவளுக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா எங்க?" என்றாள்.

"இங்கதான்க்கா இருக்கேன்."

"நீ இல்ல. பாப்பா. சொம்பு எட்த்துக்கினு போனாளா? உள்ள தாப்பா போட்டுக்கினாளா? கதவத் தட்டு. கொழந்த மயக்கமா வுழுந்துறப் போவுது."

கண்ணைத் திறந்து திரும்பினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் யாரோ லைன் வீட்டுப் பெரியம்மாவைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கையைத் தொட்டேன். சில்லென்று, குளித்துவிட்டு வந்த மாதிரி ஈரம். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கூப்பிட்டேன். "ம்" என்றாள். மறுபடி கூப்பிட்டேன். அந்த "ம்" கூட வரவில்லை.

எனக்கு உயிரே இல்லை. யாருக்காவது போன் பண்ண வேண்டும் என்று அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கம்பெனி அடையாள அட்டை, சீப்பு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, ஒரு மாத்திரை அட்டை. அந்த அட்டையை எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு நான்தான் மாசாமாசம் அதை வாங்கிக் கொடுக்கிறேன். இத்தனை மணிக்குள் சாப்பிடாவிட்டால் ஆகாது என்று அவருக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்துகிறவளும் நான்தான்.

சர்க்கரை பீரோ மேல் இருந்தது. ஸ்டூலில் ஏறினால் இரண்டு நாள் பட்டினி என் காலையே தள்ளாட வைத்தது. எட்டிப் பிடித்த வேகத்தில் பொரிப் பொட்டலம் கிழிந்து தரையெல்லாம் பொரி. தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டி, அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, உதட்டில் கொஞ்சமாக ஊற்றினேன். முதல் வாய் வெளியே வழிந்தது. "முழுங்குக்கா, முழுங்கு" என்று சத்தமாக அழுதேன். இரண்டாவது வாய் இறங்கியது. மூன்றாவதும். எதிர் வீட்டுக்காரர் என் சத்தம் கேட்டு ஓடி வந்து, காரை எடுத்தார்.

பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் விரலில் குத்திப் பார்த்தார்கள். ரொம்பவும் இறங்கியிருந்தது என்றார்கள். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து, நர்ஸிடம் "இது எந்த ஊரு?" என்று கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏன்டி அழுவுற?" என்றாள். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் சின்னப் பெண். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம் என்று தோன்றும் வயது. "சுகர் மாத்திரை போட்டுக்கிட்டுப் பட்டினி கிடக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"சயின்ஸ்."

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சாயந்தரம் வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த இட்லியை அக்கா மெதுவாகத் தின்றுகொண்டிருந்தாள். சட்னி உதட்டோரம் ஒட்டியிருந்தது. எட்டு வயதில் என் உதட்டில் ஒட்டியிருந்ததை அவள் துடைத்துவிட்டாள். காலையில் அவள் உதட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்து நான் விசாரணை நடத்தினேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே அம்மா கையில் வளர்ந்தவர்கள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஏன்க்கா சொல்லல? போன்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"நீ வரவேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். குற்றம் சொல்கிற குரல் அதில் இல்லவே இல்லை.

எங்கள் வீட்டைக் கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. புதுமனை புகுவிழாவுக்கு வந்தாள்; விடியற்காலை வந்து, பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் ஒதுக்கிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டாள். பையன் பிறந்தநாளுக்கு வந்தாள், அதே ஐந்து மணி பஸ். மாதனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான். இருந்துட்டுப் போக்கா என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவளுக்கு வேலை இருக்கும், காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நானே அவளுக்காகக் காரணம் சொல்லிக்கொள்வேன். மாடி அறையில் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். என் அக்காவை நான் முதல் முதலாகக் கூப்பிட்டது இப்போதுதான்.

"கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். தங்கச்சி வூட்ல மூணு நாள் இருக்கப் போறேன்னு" என்றாள் அக்கா. "லைன்ல இருக்கிற பொண்ணுங்கல்லாம் ஒரே கேலி. மெத்த வூட்டுக்குப் போறாங்க அக்கான்னு."

"என்ன விசேஷம்னு கேட்டிருப்பாங்களே" என்றேன்.

"கேட்டாங்க."

"என்னன்னு சொன்னே?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். "விருந்துன்னு சொன்னேன் பாப்பா" என்றாள்.